பனிப்படிகத்துக்கு எப்போதும் ஆறு கைதானா? ஒரு கை வளர்வது இன்னொரு கைக்கு எப்படித் தெரிகிறது?

தெரியாது. கைகளுக்குள் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆறு, அதில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

எங்கோ எட்டு கைப் பனிப்பூவைப் பார்த்துக் குழம்பித்தான் கேட்டிருப்பீர்கள். அந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் குழந்தைகளுக்கான ஓர் அறிவியல் புத்தகத்துக்குப் படம் வரைந்தேன். ஆறு கை வைத்துதான் அனுப்பினேன். பதிப்பாசிரியர் கூப்பிட்டு, "பக்கம் வெறிச்சுன்னு இருக்கு, எட்டாப் போட்டுடுங்க. பேப்பரை மடிச்சு வெட்டினா எட்டுதானே வருது?" என்றார். பாதி பாதியாக மடித்தால் எட்டு வரும், வாஸ்தவம். மேகத்தில் யார் பேப்பர் மடிக்கிறார்கள்?

தெரிந்தவரை விளக்கிப் பார்த்தேன். மழைத்துளி உறைந்து பனிப்பூ ஆவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போனாலும் மேகத்தில் பல திவலைகள் நீராகவே மிதக்கும். சுத்தமான நீர் கிட்டத்தட்ட −38 வரை தாக்குப்பிடிக்கும். ஏதோ ஒரு தூசியைப் பிடித்துக்கொண்டு ஒரு திவலை உறைந்துவிட்டால் போதும், சுற்றியுள்ள நீராவி நேரே அதன்மேல் படிய ஆரம்பித்துவிடும். அக்கம்பக்கத்துத் திவலைகள் வற்றி வற்றி அதற்குத் தீனி போடும். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஆறு ஆறாக வளையம் கட்டி அடுக்குவதால், முதலில் உருவாவது மிகச் சிறிய ஓர் அறுகோணத் துண்டு. அதன் மூலைகள் ஈரக்காற்றுக்குள் சற்றுத் துருத்திக்கொண்டிருப்பதால் நீராவி அங்கேதான் அதிகம் சேரும். துருத்தியது இன்னும் நீளும். அதுதான் கை. மூலையே ஆறு என்னும்போது எட்டு கை எங்கிருந்து முளைக்கும்?

"கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எட்டு" என்றார்.

நானும் விடவில்லை. ஃப்ரீசர் சுவரில் படிந்த உறைபனியை ஸ்பூனால் சுரண்டி, குளிர வைத்த கறுப்புத் தட்டில் போட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். முக்கால்வாசி வெறும் பொடி. ஓரத்தில் ஒரே ஒரு துணுக்கு மட்டும், உள்ளே குழிந்த கிண்ணம் மாதிரி, சுற்றிலும் ஆறு பட்டையோடு நின்றது. மூச்சுப் பட்டால் போய்விடுமென்று அடக்கிக்கொண்டு படமெடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "இதுல கையே இல்லையே."

இல்லைதான். குளிரும் ஈரப்பதமும் மாறினால் உருவமும் மாறும். ஜப்பானின் ஹொக்கைடோவில் இயற்பியலாளர் உகிசிரோ நகாயா 1936இல் முயல் ரோமத்தின் நுனியில் செயற்கைப் பனிப்படிகம் வளர்த்து இதைக் காட்டினார். −2 டிகிரி வாக்கில் தட்டு, −5இல் ஊசி, −15இல் ஈரம் தாராளமாக இருந்தால் நாம் வரைகிற அந்தக் கிளைவிட்ட நட்சத்திரம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. படிகமே சில மில்லிமீட்டர்தான். விழுகிற வழியில் குளிர், ஈரம் எது மாறினாலும் ஆறு கைக்கும் ஒரே நேரத்தில் மாறுகிறது. அதனால் ஒரே மாதிரி கிளை விடுகின்றன. அதுவும் ஓரளவுக்குத்தான். நிஜத்தில் பெரும்பாலானவை கோணல்மாணல். 1885இல் தொடங்கி 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படமெடுத்த அமெரிக்க விவசாயி வில்சன் பென்ட்லியும் அழகானவற்றையே தேடிப் பிடித்தார்.

பன்னிரண்டு கைப் படிகம் உண்டே என்று வருபவர்களுக்கு: உண்டு. இரண்டு படிகங்கள் 30 பாகை திரும்பி ஒட்டி வளர்ந்தால் பன்னிரண்டு வரும். முக்கோணத் தட்டும் உண்டு. நான் இயற்பியல் படித்தவன் இல்லை, படம் வரைகிறவன். ஆனாலும் அந்த எட்டுக்கு இவை எதுவும் வக்காலத்து ஆகாது.

கடைசியில் எட்டு போட்டுத்தான் கொடுத்தேன், பணம் தேவைப்பட்டது. அந்தப் பணம் பதினோரு மாதம் கழித்து வந்தது, அதுவும் நான்கு முறை கேட்ட பிறகு. படம் வரைகிறவன் என்றாலே கடைசியில் கொடுத்தால் போதும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. புத்தகத்தில் என் பெயரும் தப்பாக அச்சாகியிருந்தது. இரண்டாம் பதிப்பில் பெயரைத் திருத்திவிட்டார்கள். பனிப்பூவுக்கு இன்னும் எட்டு கைதான்.