எண்ணைத் தட்டச்சு செய்வதற்குள் மறந்துபோவது ஏன்?

இது நினைவாற்றல் கோளாறு இல்லை. 12 இலக்கக் கணக்கு எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த திரையில் அடிப்பதற்குள் பாதி போய்விடுகிறது என்கிறீர்கள், அது யாருக்கும் போகும். செயல் நினைவு, அதாவது ஒரு வேலை முடியும்வரை விவரத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் நினைவு, கிடங்கு இல்லை, சின்ன மேசை மாதிரி. அதில் ஒரே நேரத்தில் நிற்பது ஏழு துண்டுகள், இரண்டு கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை ஏறக்குறைய நான்கு துண்டுகள் என்று குறைத்தார். துண்டு என்பதுதான் முக்கியம், இலக்கம் இல்லை; மனசு ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் தொகுதிதான் துண்டு. அதனால் மூன்று மூன்றாகப் பிரித்து, நான்கு எண்களாகப் படியுங்கள்.

பக்கத்தில் யாராவது பேசினால் இன்னும் மோசம் என்றீர்களே, காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணை மனசுக்குள் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம், இப்படிச் சொல்லிப் பிடித்து வைக்கும் பகுதியை ஒலிச்சுழல் என்பார்கள், அதில் சுமார் இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் நிற்கும், காதில் விழும் பேச்சு (புரியாத மொழியாக இருந்தாலும்!) அதற்குள் புகுந்து வரிசையைக் கலைத்துவிடும்.

சோதித்துப் பாருங்கள்:
1. அமைதியான இடத்தில் புதிதாக ஓர் எண்ணைப் பார்த்து, மூடிவிட்டு எழுதுங்கள்.
2. அப்புறம் வேறொரு எண்ணை, வாய்விட்டு "ல ல ல" என்று சொல்லிக்கொண்டே பார்த்து எழுதுங்கள்.

"ல ல ல" என்று சொல்லும்போது எண்ணை மனசுக்குள் சொல்ல முடியாது, அதனால் இரண்டாவதில் சட்டென்று சரிந்தால் உங்கள் ஒலிச்சுழல் வழக்கம்போல வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று, நேற்று நடந்த பேச்சே நினைவில் இல்லை, அல்லது இந்த மறதி திடீரென்று தொடங்கியது என்றால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள்.