மரண ரயில்பாதைக்கு ஒரு நாள்

கேள்வி: தாய்லாந்தின் காஞ்சனபுரியில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் கொண்டு அமைத்த சயாம் மரண ரயில்பாதையின் நினைவிடங்களை ஒரே நாளில் காரில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பலர் ஊரிலுள்ள குவாய் ஆற்று ரயில் பாலத்தில் காலையைக் கழித்துவிட்டு, பாதைக்காகப் பாறையை வெட்டித் திறந்த ஹெல்ஃபயர் கணவாயில் உச்சி வெயிலில் வாடுகிறார்கள். முதலில் கணவாய்க்குப் போங்கள். ஊரிலிருந்து 323-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 80 கி.மீ. அருங்காட்சியகத்திலிருந்து படியிறங்கினால் சரளைக்கல் நடை. செருப்பு புரளும், ஷூ அவசியம். பாறைச் சுவரில் கைதிகள் உளியடித்த துளைத்தடங்கள் இன்றும் தெரிகின்றன; நின்று பாருங்கள்.

திரும்பும்போது ஊருக்குள் போர்க் கல்லறைத் தோட்டம்: ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழர்களுக்கு அங்கே பெயர்க்கல் இல்லை. அவர்களுக்கான நடுகல் வாட் தாவோர்ன் கோவில் வளாகத்தில் நிற்கிறது. அதைத் தவறவிடவே கூடாது. வாடகைக் காரை நீங்களே ஓட்டினால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் புறப்படும் முன் சொந்த நாட்டிலேயே வாங்கிவிடுங்கள்.