அடுப்படியில் ஒரு ஆப் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

சென்னையில் 4 வருஷம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு தேவகோட்டைக்கே திரும்பி வந்துவிட்டேன். கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து தருகிற பெண்கள் ஆர்டர் குறித்துக்கொள்ள ஒரு ஆப் செய்தேன். அதற்கு முன்னால் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்றி 22 பேரிடம் என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் எடுத்தேன். அவர்கள் சொன்ன எல்லாமே அதில் இருக்கிறது. 5 மாதம் ஆகிறது, ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை. கேட்டால் "நல்லாத்தான் தம்பி இருக்கு" என்கிறார்கள். கேட்டுத்தானே செய்தேன், எங்கே தவறியது?

வ., தேவகோட்டை

அன்புள்ள வ.,

"நல்லாத்தான் தம்பி இருக்கு" என்கிற அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். வீடு தேடி வந்த பிள்ளையை உட்காரவைத்து, காபி கொடுத்து, அவன் ஆசையாகக் கேட்கிற எதற்கும் "வேண்டாம்ப்பா" என்று சொல்ல நம் ஊரில் எந்த ஆச்சிக்கும் மனசு வராது. கணக்குப் பார்க்க வசதி வேணுமா என்றால் "இருந்தா நல்லதுதானே". படத்தோடு போடலாமா என்றால் "போடுங்க தம்பி". அவர்கள் உங்களை உபசரித்திருக்கிறார்கள், நீங்கள் அந்த உபசாரத்தைத் தேவை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆச்சி பலகாரம் போடுகிறார். போன தை மாதம் மூன்று நாள், விடிகாலையில் போய் அவர் அடுப்படி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார், இரண்டு கையிலும் மாவு, விரல் நுனியெல்லாம் எண்ணெய். ஆறரை மணிக்கு போன் அடித்தது. பேத்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்தாள். ஒரு கல்யாண வீடு, அதிரசம் இத்தனை, தேன்குழல் இத்தனை, மனகோலம் இத்தனை. ஆச்சி தேதியை மட்டும் இரண்டு தடவை கேட்டார். பேத்தி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளைத் தேடி எடுத்து ஓரத்தில் பேனாவால் எழுதினாள். அப்புறம் யாரும் சொல்லாமலேயே மூன்று நாள் முந்தைய தாளுக்கு வந்து, அங்கே "மாவு" என்று ஒரே ஒரு சொல். அதிரச மாவைப் பாகில் கிளறி ஒன்றிரண்டு நாள் வைத்திருந்துதானே சுடுவார்கள், அதற்கான குறிப்பு அது.

தினமும் காலையில் முந்தின நாள் தாளைக் கிழிக்கிறார்கள். கிழித்ததும் அன்றைய வேலை கண் முன்னால் நிற்கிறது. வளர்பிறை முகூர்த்தமா, அஷ்டமியா என்பதும் அதே தாளில் அச்சாகியிருக்கிறது. பூட்டைத் திறக்க வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம், கை கழுவ வேண்டாம். உங்கள் ஆப் மோத வேண்டியிருப்பது இதனோடுதான், நீங்கள் இதைப் பார்த்தே இருக்கமாட்டீர்கள், ஏனென்றால் முகப்பில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள், காலண்டர் அடுப்படியில் தொங்குகிறது.

"ஆர்டரைச் சேமிக்கும் வசதி" என்று உங்கள் பட்டியலில் முதல் வரி இருந்திருக்கும். அதை இப்படி எழுதிப் பாருங்கள்: மாவுக் கையோடு இருக்கும்போது வருகிற ஆர்டர் தவறக் கூடாது, எந்த நாளில் எந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அன்று காலையில் தேடாமல் கண்ணில் பட வேண்டும். முதல் வரியை வைத்து எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம். இரண்டாவதை வைத்தால், செய்தது சரியா தப்பா என்று அந்த அடுப்படியிலேயே தெரிந்துவிடும். அதோடு, யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதையும் பிரித்துப் பாருங்கள். சுடுவது ஆச்சி, போனை எடுப்பது பேத்தி, காசு வாங்கிக் கணக்கு வைப்பது மகனோ மருமகளோ. 22 பேர் என்கிறீர்களே, அதில் எத்தனை பேர் பேத்திகள்?

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளையே பாருங்கள். பெரிய வீடு கட்டினார்கள் என்று சுற்றுலா வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துப் போகிறார்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஏன் அத்தனை அறை என்று கேட்பவர்கள் குறைவு. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வைப்பார்கள், ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனி வரவு செலவு. அந்தப் புள்ளிக்கென்று, அதாவது அந்தத் தம்பதிக்கென்று, ஓர் அறை, சீர் சாமான் வைத்துப் பூட்ட. திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் எல்லாரும் கூடுகிற இடம் வளவு. வீடு கட்டியவரிடம் யாராவது போய் "எங்களுக்குள் சண்டை வராமல் சேர்ந்திருக்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பார்களா? அவர் அந்த வாழ்க்கைக்குள்ளேயே இருந்தவர், அவருக்குத் தெரியும்.

"ஜெய்ப்பூர் கால்" என்கிற செயற்கைக் காலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலை இழந்தவர்களுக்கு அதற்கு முன்பும் செயற்கைக் கால் கிடைத்தது, ஆனால் அது ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிற மனிதருக்காகச் செய்தது. வாங்கிப்போன கிராமத்து ஆட்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். குத்தவைக்க முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியவில்லை. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968 வாக்கில் ரப்பரில் செய்த கால் இதற்கெல்லாம் ஈடுகொடுத்தது. நடக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் பழைய காலே போதும்.

சரி, நீங்கள் இனி என்ன செய்யலாம்? கோட் எழுதுவதை நிறுத்துங்கள். அந்த 22 பேரில் மூன்றே மூன்று வீடு போதும், முகூர்த்த நாளுக்கு முந்தின இரண்டு நாளாகப் பார்த்துப் போங்கள், அடுப்படியில் உட்கார அனுமதி கேளுங்கள். "வேணுமா" என்று எதையும் கேட்காதீர்கள். "கடைசியா எந்த ஆர்டர் தப்பிப் போச்சு, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது யாரும் உபசாரத்துக்காகச் சொல்லமாட்டார்கள், கோபம் வரும், சிரிப்பு வரும், மருமகள் குறுக்கே வந்து திருத்துவாள். அதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் தேவைப்படுவது ஆப்பாக இல்லாமல், வாட்ஸப்பில் வரும் குரல் செய்தியைத் தேதிவாரியாக எழுதி விடிகாலையில் ஒரு தாளில் அச்சடித்துத் தருகிற சின்ன வேலையாகக்கூட இருக்கலாம், அப்படி இருந்தால் அதைச் செய்யத் தயங்காதீர்கள், உங்கள் ஐந்து மாதம் வீணாகிவிட்டதே என்று பழைய ஆப்பைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

போய்வந்து எழுதுங்கள். அந்த மூன்று வீட்டிலும் காலண்டர் எந்தச் சுவரில், யார் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா