தம்பியைத் தனியா இருக்க விடலாமா?

தம்பிக்கு 26 வயசு, பைக் ஆக்சிடென்ட்ல முதுகுத்தண்டு அடிபட்டு ரெண்டு வருசமா வீல்சேர்ல இருக்கான், இப்ப தென்காசில ரூம் எடுத்துத் தனியா இருக்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கான், வீட்ல எல்லாரும் பயப்படுதோம், விடலாமான்னு கேட்டிருக்கீங்க. நானும் உங்க தம்பி மாதிரி வீல்சேர்ல இருக்கவன்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன்.

எனக்கு ஊரு புளியரை, செங்கோட்டை தாண்டி கேரளா எல்லைல. 2011ல ஆரியங்காவு பக்கம் ஒரு தோட்டத்துல நல்லமிளகு பறிக்கப் போயி ஏணி சறுக்கி விழுந்தேன். இடுப்புக்குக் கீழ உணர்வு கிடையாது. ஆறு மாசம் ஆஸ்பத்திரி, அப்புறம் நாலு வருசம் அடுக்களைக்குப் பின்னால ஒரு அறை. அம்மாவும் மதினியும் ஒரு குறையும் இல்லாமத்தான் பாத்தாங்க, அதைச் சொல்லாட்டி எனக்குப் பாவம். ஆனா எப்ப எந்திக்கணும், எப்ப குளிக்கணும், யாரு என் அறைக்குள்ள வரலாம், இதுல ஒண்ணு கூட என் கையில இல்ல.

இதை வெளிய யார்ட்டயும் சொன்னதில்ல. தண்ணி குடிச்சா யூரின் பேக் நிறையும், அதைக் கொட்ட யாரையாவது கூப்பிடணும், அம்மா அப்பத்தான் கைகழுவிட்டு சோத்துல உக்காந்திருப்பா, கூப்பிட மனசு வராது. அதனால தண்ணியவே குறைச்சிட்டேன். தலைமாட்டுல செம்பு நிறைய தண்ணி இருக்கும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டும், குடிக்க மாட்டேன். யூரின் இன்ஃபெக்சன் ஆகி குளிர்காய்ச்சல்ல மூணு தடவை அட்மிட் ஆனேன். ஒவ்வொரு தடவையும் வீட்ல "இவனை இன்னும் கவனமாப் பாக்கணும்"னுதான் பேசுனாங்களே தவிர ஏன் தண்ணி குடிக்கலன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல.

மாறுனது ஆய்க்குடிக்குப் போன பிறகுதான். அங்க மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியும் மறுவாழ்வும் குடுக்குற அமர் சேவா சங்கம் இருக்குல்லா, அதை 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயாவே 1975ல கடற்படை தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர். அங்கதான் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா நானே டியூப் போட்டு யூரின் எடுக்கக் கத்துக்கிட்டேன், கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊணி ஒடம்பைத் தூக்குனா பெட் சோர், அதாவது படுக்கைப்புண், வராதுன்னு கத்துக்கிட்டேன், கட்டில்ல இருந்து சேருக்கு பலகை போட்டு நகந்து மாறப் பழகினேன். வீட்டுக்கு வந்த அன்னைக்கு செம்புத் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சேன். அம்மா நிலைப்படில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

தனியா வாழ்றதுன்னா எல்லாத்தையும் தானே செய்யணும்னு நினைச்சு நீங்க பயப்படுதீங்க. அப்படி இல்லங்க. அமெரிக்கால எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர் இருந்தார், போலியோ வந்து கழுத்துக்குக் கீழ செயல் கிடையாது, ராத்திரி மூச்சு விடவே மெசின் வேணும், சட்டையைக் கூட இன்னொருத்தர்தான் போட்டு விடணும். அவரும் கூட்டாளிகளும் சேந்துதான் 1972ல பெர்க்லில முதல் சுதந்திர வாழ்க்கை மையத்தை ஆரம்பிச்சாங்க. உதவிக்கு வர்ற ஆளை யாருன்னு தேர்ந்தெடுக்கிறதும், எப்ப வரணும் என்ன செய்யணும்னு சொல்றதும் உதவி வாங்குறவன் கையில இருக்கணும், அவங்க கேட்டது அவ்வளவுதான். இவரால வேலையே செய்ய முடியாதுன்னு ஒதுக்குன அதே கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கு 1975ல இவரே இயக்குநர் ஆனார். எனக்கு அதைக் கேட்டப்ப ஒடம்பு சிலிர்த்துச்சு.

இப்ப நான் செங்கோட்டைல வாடகை வீட்ல இருக்கேன், முன்னறைல செல்போன் ரிப்பேர் கடை. பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் காலைல ஏழு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் உதவி பண்ணிட்டுப் போறான், அவனுக்குச் சம்பளம் நான் குடுக்கேன், ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு வாடேன்னா எட்டரைக்கு வருவான். அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கத்தோட அருமை நாலு வருசம் மத்தவங்க எழுப்பி விட்டு எந்திச்சவனுக்குத்தான் தெரியும்.

சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதுல 5வது பிரிவு ஊருக்குள்ள எல்லாரையும் போல வாழுற உரிமையைச் சொல்லுது, இந்த இடத்துலதான் இருக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 13வது பிரிவு சொத்து, பேங்க் கணக்கு, கடன் எல்லாத்துலயும் சம உரிமை. எனக்கு இது உதவுன கதை இருக்கு. கணக்கு தொறக்கப் போன பேங்க்ல "கார்டியன் யாரையாவது கூட்டிட்டு வாங்க"ன்னு என்னைப் பாக்காம எங்க அண்ணனைப் பாத்துச் சொன்னாங்க, எனக்கு அடிபட்டது முதுகுலதான், மூளைல இல்ல. பிரிவு நம்பரைப் போட்டு மேனேஜருக்கு மனு எழுதிக் குடுத்து கையெழுத்தோட ரசீது வாங்குனேன், ஒரே வாரத்துல கணக்கு தொறந்தாச்சு. அங்க முடியாட்டி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், அதுக்கும் மேல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கார். 2025ல உள்ளாட்சில மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா போட தமிழ்நாட்டுல சட்டமே கொண்டு வந்துட்டாங்க, இனிமே பஞ்சாயத்து ஆபீஸ் படியைப் பத்தி உள்ள உக்காந்தே பேசலாம்.

கார்டு விசயம் ஒண்ணு. எங்களை மாதிரி எல்லைல இருக்கவங்க வைத்தியம் பாக்குறது கேரளால, ரேசன் கார்டு தமிழ்நாட்டுல, அதனால மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு நானும் அங்கயும் இங்கயும் அலைஞ்சேன். யுடிஐடி கார்டு, அதாவது நாடு முழுக்கச் செல்லுற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்துட்டா ரெண்டு பக்கமும் செல்லும், பஸ் சலுகை மட்டும் அந்தந்த மாநிலத்தோட பாடு. சைடு வீல் வச்ச ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுங்க, எனக்குக் கிடைச்சுது. அதுல முதல் தடவை எங்க ஊர் மலைரோட்டு எஸ் வளைவு ஏறி எல்லைல இருக்க கோட்டைவாசல் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போயி, நான் விழுந்த தோட்டத்தை ரோட்டுல இருந்தே பாத்துட்டு வந்தேன்.

அம்மாட்ட சொல்லுங்க, போன் பண்ணட்டும், ஆனா ஒரு நாளைக்கு இருபது தடவை வேண்டாம். எங்க அம்மா முதல் மாசம் சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்து அடுப்படில நின்னுட்டா, எனக்குக் கோவம் வந்துச்சு, அவளுக்கு அழுகை வந்துச்சு. இப்ப வெள்ளிக்கிழமை வாரா, நான் காப்பி போட்டுக் குடுக்கேன். தம்பிக்கும் கஷ்டம் வரும், ஒரு நாள் கட்டில்ல இருந்து கீழ விழுவான், ஒரு நாள் உதவிக்கு ஆள் வரமாட்டான், அதுக்காகப் பொட்டியைக் கட்டித் திரும்பக் கூட்டிட்டு வந்துராதீங்க, கூப்பிட்டா ஓடி வர ரெண்டு பேர் நம்பரை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைங்க. எந்த வீடு, எந்தத் தெரு, யாரு உதவிக்குன்னு அவன்ட்ட கேட்டுட்டே செய்யுங்க.

ரூம் பாக்கப் போறப்ப அவனையும் கூட்டிட்டு, இன்ச் டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. வாசல்ல அரையடி படி இருந்தா ஆறடி நீளத்துக்குச் சாய்வு வேணும், அதுக்கு இடம் இருக்கான்னு பாருங்க, குறைச்சுப் போட்டா வண்டி பின்னால சாயும். ஓனர்ட்ட வாடகை பேசுறதுக்கு முன்னால பாத்ரூம் கதவை அளங்க, மூணடி இருக்கணும். நான் பாத்த பதினோரு வீட்டுல ஒம்போது அந்தக் கதவுலதான் கழிஞ்சுது.