கேளுங்கள், சொல்கிறோம்: காணொளியில் நடக்கிறது, நம் வீட்டில் ஏன் நடக்கவில்லை?

கேள்வி: அறிவியல் காணொளியில் பலூனைத் தலையில் தேய்த்ததும் முடி சிலிர்த்து எழுகிறது. எங்கள் மகன் எத்தனை முறை தேய்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. காணொளி ஏமாற்றா? (வாசகி, பிறை, பினாங்கு)

பதில்: ஏமாற்று இல்லை, அம்மா. அது வறண்ட காற்றில் எடுத்த படம். பினாங்கிலோ காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அப்போது பலூனின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அதன் வழியே கசிந்துபோகும். தலையில் தேங்காய் எண்ணெயும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அறையை மூடி, ஏர்கோனை ஈரம் நீக்கும் நிலையில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் நாளே முடியை அலசி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். பலூனைவிட அரை மீட்டர் பிவிசி குழாய் நம்பகமானது. அதை உலர்ந்த டிஷ்யூத் தாளால் ஒரே திசையில் அழுத்தித் தேய்த்து, நகத்தளவு கிழித்த டிஷ்யூத் துண்டுகளுக்கு அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டும். குளிர்ந்த குழாயை அப்படியே வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அதன்மேல் உடனே ஈரம் பூக்கும். சோதனை அங்கேயே படுத்துவிடும். பாட்டிக்குக் காட்டவேண்டுமானால் பாட்டியைத்தான் உள்ளே அழைக்கவேண்டும்.

கேள்வி: ‘நிழலில்லா நாள்’ பற்றிய தமிழ்க் காணொளி பார்த்து, ஏப்ரல் 24 பகல் 12 மணிக்குக் குச்சி நட்டோம். நிழல் நன்றாகவே விழுந்தது. எங்கே தவறு? (மாணவர்கள், ஆயர் ஈத்தாம்)

பதில்: தேதி, மணி இரண்டுமே சென்னைக்கு உரியவை. சூரியன் உச்சிக்கு நேராக வரும் நாள் ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னை 13 பாகை வடக்கே இருக்கிறது. பினாங்கு ஏறக்குறைய 5.4 பாகை. இங்கே அந்த நாள் ஏப்ரல் 3 அல்லது 4, பிறகு செப்டம்பர் 8 அல்லது 9. கோலாலம்பூரில் மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 14 வாக்கிலும் வரும்.

மணிக் கணக்கு இன்னும் சுவையானது. 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக்கின் நேரத்துக்கு மாறியது. கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அந்த நேரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. பினாங்கு இருப்பதோ 100 பாகையை ஒட்டி. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் நம் உச்சிவேளை பகல் 1.22க்குத்தான். சரியான தேதியிலேயே 12 மணிக்கு அளந்தாலும் 1 மீட்டர் குச்சிக்கு 37 செ.மீ. நிழல் விழும்.

குச்சி நேராக நிற்பதுதான் பாதி வேலை. 1 பாகை சாய்ந்தாலே நிழல் 1.7 செ.மீ. பிசகும். அதனால் குச்சியை விட்டுவிட்டு, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதையே குச்சியாகக் கொள்ளலாம். காற்றில்லாத இடம் பாருங்கள். 12.50 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். செப்டம்பரில் மேகம் அடிக்கடி காலை வாரும்; ஏப்ரலை நம்புங்கள்.

கோலாலம்பூரில் நண்பர் இருந்தால் பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம். பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் எகிப்தில் செய்தது இதைத்தான். பினாங்கில் நிழலில்லாத அன்று கோலாலம்பூரில் 1 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 4 செ.மீ. நிழல் விழும். அது 2.28 பாகைக் கோணம். இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக மட்டும் எண்ணினால் சுமார் 252 கி.மீ. நெடுஞ்சாலைத் தூரத்தைப் போட்டால் பூமி வீங்கிவிடும். 252ஐ 2.28ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 39,800 கி.மீ. கிடைக்கும், உண்மையான அளவு 40,000ஐ ஒட்டியது.

தொலைபேசியில் பேசிக்கொண்டு இருவரும் ஒரே நொடியில் அளக்காதீர்கள். கோலாலம்பூர் கிழக்கே இருப்பதால் அங்கே உச்சிவேளை 5 நிமிடம் முந்தி வருகிறது. அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் கணத்தில்தான் அளக்கவேண்டும். நிழல் நுனி ஏறக்குறைய 9 மி.மீ. அகலத்துக்கு மங்கலாகத் தெரியும், ஏனென்றால் சூரியன் புள்ளியல்ல, வட்டம். அந்த மங்கலின் நடுவைக் குறியுங்கள். 1 மி.மீ. தப்பினால் விடையில் 1,000 கி.மீ. தப்பும்.

கேள்வி: கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்களைக் கட்டியது இராசேந்திர சோழன் என்கிறது ஒரு வரலாற்றுக் காணொளி. நம்பலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: அப்படியே நம்பவேண்டாம். 1025 வாக்கில் நடந்த படையெடுப்புக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சான்று. ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்திப் பகுதி, கடாரத்து (இன்றைய கெடா) அரசனை யானைகளோடு பிடித்ததையும் பொருள் கவர்ந்ததையும் சொல்கிறது. கோயில் கட்டியதாக அதில் ஒரு சொல் இல்லை. மேலும், இந்தப் பகுதியில் இந்தியத் தொடர்பு சோழருக்குப் பல நூற்றாண்டு மூத்தது. செபராங் பிறையில் கிடைத்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அருகே நிற்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்ற பழங்கோயிலும் 1930களில் தோண்டியெடுத்து 1960 வாக்கில் மறுபடி அடுக்கியது. காணொளியில் அது முழுசாகத் தெரிகிறதே என்று அப்படியே நின்றதாக எண்ணக்கூடாது. வரலாற்றுக் காணொளி எதுவானாலும் கல்வெட்டு வரியைக் காட்டுகிறதா, ஓவியத்தையும் பின்னணி இசையையும் மட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பள்ளி அறிவியல் விழாவுக்குக் கைப்பேசியில் காணொளி எடுக்கிறோம். வகுப்பறை விளக்கில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. (ஆசிரியை, பட்டர்வொர்த்)

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கைப்பேசி நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்று எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் ‘பால்’ (PAL) எனப்படும் காணொளி வடிவங்களைக் காட்டும் தேர்வு இருக்கிறது. அதைத் திறந்தால்தான் 25 தெரியும். மெதுவோட்டக் காட்சிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதை வெளியே வெயிலில் எடுத்துவிடுங்கள்.