திமிங்கில எலும்பும் கார்செட்டும்

கேள்வி: விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் பெண்கள் அணிந்த, இடையை இறுக்கும் உள்ளாடையான கார்செட்டுக்குள் திமிங்கில எலும்பை வைத்துத் தைத்தார்களாமே, உண்மையா?

பதில்: பெயர்தான் எலும்பு. உண்மையில் அது சிலவகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து தொங்கும், நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆன தகடு. மெல்லிய கீற்றுகளாகப் பிளக்க முடிவதாலும், சூடாக்கி வளைத்தால் ஆறியபின் அவ்வடிவிலேயே நிற்பதாலும் தையற்காரர்கள் அதை விரும்பினர். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியைப் பல துண்டுகளாக வெட்டி இணைத்து, நீளவாக்கில் தைத்த குழல் போன்ற அறைகளில் அக்கீற்றுகளைச் செருகினர். முன்புறம் கொக்கியும் குமிழும் கொண்ட இரு எஃகுப் பட்டைகள், பின்புறம் நாடா. 1820களின் இறுதியில் வந்த, நாடா கோக்கும் துளைகளின் ஓரத்தில் பதிக்கும் உலோகக் கண்வளையங்கள், துணி கிழியும் அச்சத்தைக் குறைத்து நாடாவை இறுக்க உதவின. ஆயினும் இடையின் வடிவம், நாடாவைவிடத் துணியை வெட்டிய கையின் திறமைக்கே அதிகம் கடன்பட்டது என்பேன்.