மேய்ச்சல் நிலத்தில் ஊதிய சங்கு

கேள்வி: ஆடு மேய்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த ஈரானியர்களுக்கு எண்ணெயைக் கண்டுபிடித்துக் கொடுத்து, வேலையும் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அந்தக் கம்பெனியையே 1951இல் தேசியமயமாக்கியது நன்றிகெட்ட செயல் இல்லையா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. 'கொடுத்து' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

1901இல் வில்லியம் டார்சி என்ற பணக்காரர் பாரசீக (இன்றைய ஈரான்) மன்னரிடம் 60 ஆண்டு உரிமை வாங்கினார். விலை 20,000 பவுண்டு ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், நிகர லாபத்தில் 16 விழுக்காடு. பதிலுக்கு நாட்டின் முக்கால்வாசி நிலப்பரப்பில் எண்ணெய் எடுக்கும் உரிமை. டார்சி அந்த மண்ணை ஒருநாள்கூட மிதித்ததில்லை. லாபம் எவ்வளவு என்று கணக்கு எழுதியதும், அந்த உரிமையை வைத்துப் பின்னர் உருவான ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனிதான். நீங்கள் சொல்லும் கம்பெனி அதுதான்.

அடுத்து, 'அலைந்தார்கள்' என்கிறீர்களே, அது எனக்கு வலிக்கிறது. பக்தியாரி இன மக்கள் குளிர்காலத்தில் தென்மேற்கு ஈரானின் குசெஸ்தான் அடிவாரத்திலும், கோடையில் ஸாக்ரோஸ் மலைக்கு அப்பாலும் மந்தை மேய்த்தவர்கள். காற்று ஊதிய ஆட்டுத்தோல்களை வரிசையாகக் கட்டித் தெப்பமாக்கி, குழந்தை குட்டிகளோடு கரூன் ஆற்றைக் கடப்பார்கள். எந்த வாரம் பனி உருகும், எந்தச் சரிவில் புல் இருக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. அலைச்சல் அல்ல அது, பிழைப்பு.

அவர்களுடைய குளிர்கால மேய்ச்சல் நிலத்தில்தான், மஸ்ஜித் சுலைமானில், 1908 மே 26 விடியற்காலை சுமார் 1,180 அடி ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. பேரம் பேசியது இனத் தலைவர்களான கான்களோடு. அவர்களுக்கு 3 விழுக்காடு பங்கும் காவல் பணமும் கிடைத்தன. மேய்த்தவனுக்குக் கிடைத்தது கூலி வேலை. பருவம் பார்த்துக் கூடாரம் பிரித்தவன், கம்பெனிச் சங்கு ஊதினால் எழுந்து ஓடப் பழகினான். பாட்டன் மந்தை ஓட்டிய மண்ணில் பேரன் குழாய் சுமந்தான்.

அந்தக் குழாய் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அபாதான் தீவில் முடிந்தது. பேரீச்சந் தோப்பும் சேற்று நிலமுமாக இருந்த அந்த இடத்தில், பின்னாளில் உலகத்திலேயே பெரியதாக வளர்ந்த சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தோட்டம் வைத்த பங்களாக்கள். கீழ்மட்டத் தொழிலாளர்கள் ஒதுங்கிய ஒரு குடிசைப் பகுதிக்குப் பெயரே 'காகஸாபாத்', அதாவது காகித ஊர். இடைநிலைப் பணிகளுக்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ரங்கூனிலிருந்து வந்தவர்களின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் ஒன்று அபாதானில் உண்டு. வெளியாட்களை மேலே வைத்து உள்ளூர்க்காரனைக் கீழே நிறுத்திய அந்த ஏற்பாட்டில் நம்மவர்களும் ஒரு படியாகப் பயன்பட்டார்கள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

மருத்துவமனை வந்தது, மின்சாரம் வந்தது, 1939இல் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் அவை கேட்காமல் வந்தவை அல்ல. 1929இலேயே அபாதான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அடியும் சிறையும் பட்டார்கள். ஈரானியருக்குப் பயிற்சி கொடு, பெரிய பதவி கொடு என்று கம்பெனியோடு ஈரான் அரசு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது.

இனி கணக்கு. 1914இலேயே பிரிட்டிஷ் அரசு தன் கப்பற்படையின் எண்ணெய்த் தேவைக்காகக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. 1950இல் ஈரானுக்கு உரிமைத் தொகையாகக் கிடைத்தது சுமார் 1.6 கோடி பவுண்டு. அதே ஆண்டு அதே கம்பெனி பிரிட்டனுக்குக் கட்டிய வரி ஏறக்குறைய 5 கோடி பவுண்டு. எண்ணெய் யாருடைய மண்ணில் இருந்தது? அந்த டிசம்பரில் பக்கத்துச் சவூதிக்கு அமெரிக்கக் கம்பெனி லாபத்தில் பாதிக்குப் பாதி தர ஒப்புக்கொண்டது. மறுவருடம் ஈரான் பிரதமர் மொசாதெக் கம்பெனியைத் தேசியமயமாக்கினார். இதில் நன்றிகேடு எங்கே இருக்கிறது?

1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் பின்னால் நின்று அவரைக் கவிழ்த்தன. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் ஈரான் அந்தக் கம்பெனிக்கு 2.5 கோடி பவுண்டு நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. அப்போது மொசாதெக் சிறையில் இருந்தார்.